நெல் தராசில் ஏறியவர்

சாய்ந்தமருது
25.08.2024

அன்புத் தம்பி முர்ஷிதுக்கு ராத்தா ஜெனூபாவின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் நானும் மகள் நஸ்லினும் அவளுடைய வாப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் போன மாதப் பார்சலுக்கு ஒரு வார்த்தை எழுதாமல் இருக்க எங்கிருந்து தெம்பு வந்தது?

இன்று இரவு பஸ்ஸில் பெட்டி வருகிறது. மாசிச் சம்பலும் கருவாடும் வைத்திருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாய் திறக்குமுன் "ராத்தா, மீட்டிங்ல இரிக்கன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் பெட்டிக்குள் கிடந்தால் சாப்பிடும்போதாவது வாசிப்பாய்தானே.

உன் மச்சான் நேற்று அவர் பொறுப்பிலுள்ள அரசாங்க நெல் ஸ்டோரிலிருந்து வந்து வாசலிலேயே நின்று சிரிக்கிறார். "புள்ள, ஒண்ட தம்பி எனக்குக் கடிதம் போட்டிரிக்கான்" என்றார். வாங்கிப் பார்த்தால் சுற்றறிக்கை. அரசாங்க உத்தியோகம் பார்க்கிற எல்லாரையும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நிறுக்க வேண்டுமாம். உடம்பு கூடினவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி, நடுத்தரத்துக்கு மஞ்சள், மற்றவர்களுக்குப் பச்சை. அதை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டுமாம். முதலில் நம்முடைய மாவட்டத்தில்தான் செய்து பார்க்கிறார்களாம். அதை எழுதிய சுகாதார அமைச்சுக் குழுவில் நீ இருப்பது ஊருக்கே தெரியும். "சீனி எவ்வளவெண்டு காட்டச் சோடாப் போத்தலுக்குத்தான் நிறம் ஒட்டினாங்க. இனி எனக்கும் ஒட்டுவாங்க. மூடி ஒண்டுதான் குறை" என்கிறார்.

அவரை உனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹன் தட்டைச் சுற்றிக் குந்தினால், இறைச்சியை எல்லாம் மற்றவர்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சோற்றை முடிப்பது அவர்தான். அவரோடு குந்த ஆட்கள் போட்டி போடுவார்கள். ஆனால் தம்பி, இதைப் பகிடிக்கு எழுதவில்லை. சீனி வருத்தம் வந்து ஐந்து வருடமாகிறது. பள்ளிவாசலுக்கு நடந்தால் நடுவழியில் நின்று மூச்சு வாங்குகிறார். நான் சொன்னால், "எண்ட வயிறு, எண்ட விருப்பம்" என்கிறார். எனக்கு அவர் வேண்டும், முர்ஷித். உன் சட்டமாவது அவரைக் கேட்கவைக்குமா என்று ஒரு ஆசை.

நேரத்துக்குப் படு. குளிர்தண்ணீர் குடிக்காதே.
ராத்தா ஜெனூபா


கொழும்பு
01.09.2024

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். நீ, மச்சான், நஸ்லின் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். சம்பல் பாதி முடிந்துவிட்டது. பதில் எழுதாததற்கு அடி போடு, வாங்கிக்கொள்கிறேன்.

மச்சான் சிரித்தது எனக்குக் கேட்டது போல இருந்தது. இங்கும் பலர் சிரிக்கிறார்கள். சாப்பாடு அவரவர் விருப்பம், அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். விருப்பம் என்றால், வேண்டாம் என்று நினைக்கும்போது நிறுத்தவும் ஏலவேண்டும். நம்முடைய வாப்பாவால் ஏலவில்லையே. சீனி வருத்தத்தால் ஆசுபத்திரியில் வாப்பாவின் காலை வெட்டி எடுத்த அன்று நீயும் நானும் கதவடியில் நின்றோம். "மனுசன் திண்ணட்டும் உடுங்க, அதுதானே சந்தோசம்" என்று வருடக்கணக்காகச் சொன்னவர்களில் ஒருவரையும் அன்று நான் காணவில்லை. அந்தக் கதவடியில் நின்றபடிதான் இந்தச் சுற்றறிக்கையை எழுதினேன் என்று வைத்துக்கொள்.

பெயர்களைப் பலகையில் ஒட்டுவது என்னுடைய யோசனைதான். குழுவில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. அறைக்குள் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னால் நம் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய் ரோல்ஸ் வாங்குவார்கள். நாலு பேர் பார்த்தால்தான் ரோசம் வரும். ரோசம் வந்தால் திருந்துவார்கள்.

நிறுக்கிற நாளில் மச்சானைக் கட்டாயம் போகச் சொல்லு. நஸ்லின் கவனமாகப் படிக்கட்டும். எல்லாருக்கும் என் ஸலாம்.
தம்பி முர்ஷித்


சாய்ந்தமருது
22.09.2024

தம்பி முர்ஷிதுக்கு ஸலாம். நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். உன் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

புதன்கிழமை நிறுத்தார்கள். நான் உனக்கு எழுதுவதெல்லாம் மக்கீனின் மனைவி வந்து சொல்லித் தெரிந்தது. அவன் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன், பக்கத்தில் நின்றவன். உன் மச்சான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

துஷாந்தினி என்று ஒரு தாதி மிஸ்ஸும், பெரிய உத்தியோகத்தர் ஒருவரும் தராசோடு வந்தார்களாம். அந்தத் தராசு நூற்றி இருபது கிலோவுக்கு மேல் காட்டாதாம். இவர் ஏறியதும் வெறும் கோடு விழுந்திருக்கிறது. மிஸ் நல்ல பிள்ளை. "பரவாயில்ல சேர், நூத்தி இருபதுக்கு மேல எண்டு எழுதிவிடுவம்" என்றாளாம். பெரியவர் சம்மதிக்கவில்லை. சுற்றறிக்கையில் சரியான இலக்கம் கேட்டிருக்கிறது என்றாராம். நெல் ஸ்டோரில் பெரிய தராசுக்கா பஞ்சம்? முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். சிறுபோக நெல்லோடு வந்த விவசாயிகள் வரிசையாக நிற்கிறார்கள். மக்கீனிடம் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, மூட்டை இருந்த இடத்தில் என் மனிதரை ஏற்றினார்கள், முர்ஷித்.

பெரியவர் சத்தமாக வாசித்தாராம், நூற்றி முப்பத்தி நாலு என்று. வரிசையிலிருந்து ஒருவன், "ரெண்டு மூட்டை! சாக்குக் கழிச்சா, கழிக்காமயா?" என்று கேட்க, முற்றம் முழுக்கச் சிரிப்பு. இவரும் சிரித்தாராம். "ஈரம் பாத்து எடுங்க, பிறகு எனக்குப் பழி சொல்லப்படாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாராம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கை கழுவிவிட்டுக் குந்தினார். சோறு வைத்தேன், சாப்பிட்டார். எனக்கும் நஸ்லினுக்கும் இருந்ததையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டார். ஒரு கதை இல்லை, ஒரு பகிடி இல்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் பங்கு போனது எனக்குப் பெரிதில்லை. அவர் ருசி தெரியாமல் சாப்பிட்டதைத்தான் பார்க்க ஏலவில்லை.

அவர் பெயருக்குச் சிவப்பு ஒட்டிவிட்டார்கள். உனக்குச் சந்தோஷம்தானே? கோபத்தில் எழுதிவிட்டேன், வெட்டவில்லை, அப்படியே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜெனூபா


கொழும்பு
29.09.2024

அன்புள்ள ராத்தா, ஸலாம். நான் சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும், விசேஷமாக மச்சானின் சுகத்தையும் விசாரிக்கிறேன்.

நடந்தது பிழை. அந்த உத்தியோகத்தருக்குக் கடுமையாக எழுதியிருக்கிறேன். நெல் தராசில் நிறுக்கச் சொல்லி நாங்கள் எங்கும் எழுதவில்லை. ஆனால் ராத்தா, உன் கோபத்தில் அந்த இலக்கத்தை மறந்துவிடாதே. நூற்றி முப்பத்தி நாலு. வாப்பாகூட அவ்வளவு இல்லை. சிரித்தவர்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், அந்த எடையை நீதான் பார்க்க வேண்டும்.

அட்டவணை ஒன்று அனுப்புகிறேன். காலையில் இரண்டு இடியப்பம், சொதி இல்லாமல். பகலுக்குச் சோறு ஒரு கோப்பை மட்டும், அதுவும் சிவப்பரிசி. தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. சீனி டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டு. கேட்டால் கொடுக்காதே. கெஞ்சினால் கொடுக்காதே. உனக்கு இளகிய மனம், அதுதான் எனக்குப் பயம். வாயைக் கட்டத் தெரியாத மனிதருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கட்டிவிட வேண்டும்.

கிளினிக்குக்கும் கூட்டிப்போ. பெருநாள் லீவுக்கு வர முயற்சிக்கிறேன். துஆச் செய்.
முர்ஷித்


சாய்ந்தமருது
15.12.2024

தம்பிக்கு ஸலாம். மழை வெள்ளத்தில் பஸ் ஓடவில்லை, அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். பஸ் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது. எழுத முகமில்லாமல் இருந்தேன். நானும் நஸ்லினும் சுகம். நீ எப்படி?

உன் அட்டவணையைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். எழுதியிருந்தபடியே செய்தேன். டின்னைப் பூட்டினேன், திறப்பை இடுப்பில் செருகினேன். கிளினிக்கில் இன்சுலின் ஊசி தொடங்கியிருக்கிறார்கள், இரண்டு வேளை. அதையும் நேரம் தவறாமல் போடவைத்தேன். எடை இறங்கியது. உனக்கு அது போதும்.

நம் ஊரில் மாப்பிள்ளைமார் பெண் வீட்டில் வந்து இருக்கிறவர்கள் என்பது கொழும்புக்குப் போனதும் உனக்கு மறந்துவிட்டதோ? வீடு என் பெயரில். குசினி என்னுடையது. கல்யாணம் முடித்து இருபது வருடமானாலும் அவர் வந்த மனிதர்தான். இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வைக்கவும் கூடாது. கோப்பை காலியாவதற்குள் நாம்தான் வைக்க வேண்டும். உம்மா எனக்குச் சொல்லித் தந்த மரியாதை அதுதான். உன் சுற்றறிக்கைக் குழுவில் இதை அறிந்தவர் ஒருவரும் இருக்கவில்லையா? நீ இருந்தாய்தானே?

போன வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து வந்தார். அளந்து வைத்ததைச் சாப்பிட்டார். பிறகு, முதன்முதலாக, தானே கையை நீட்டிச் சட்டி மூடியைத் தூக்கினார். நான், "வைங்க அத! உங்களுக்கு அளந்தாச்சி" என்றேன். நஸ்லின் முன்னால். அவளுடைய சிநேகிதி ஒருத்தியும் இருந்தாள்.

மூடியை வைத்துவிட்டார். கை கழுவினார். சேர்ட்டைப் போட்டார். "றம்லா ஊட்ட போய்ட்டு வாறன் புள்ள" என்றார். அவருடைய தங்கச்சி றம்லாவின் வீடு மருதமுனையில் இருப்பது உனக்குத் தெரியும். ஒன்பது நாளாகிறது, வரவில்லை. சோற்றுக்காக மாப்பிள்ளை தங்கச்சி வீட்டில் போய்க் கிடக்கிறார் என்று ஊரெல்லாம் கதை. றம்லா போன் எடுத்து, "எங்கட காக்காக்கு ஒரு கோப்பை சோறு போடுறதுக்கு ஒங்களுக்குக் கை வரல்லயா மதினி?" என்று கேட்டாள். போனை நஸ்லினிடம் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்யட்டும், சொல்லு. டின்னைத் திறந்துவிட்டுப் போய்க் கூட்டிவரவா? உனக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.
ராத்தா


கொழும்பு
20.12.2024

ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம், ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு மனம் சுகமில்லை.

போய்க் கூட்டி வா. மன்னிப்புக் கேள், நான் கேட்கச் சொன்னதாகவும் சொல்லு. ஆனால் டின்னைத் திறக்காதே. இன்றைக்கு இரங்கினால் நாளைக்கு ஆசுபத்திரிக் கதவடியில் நிற்பாய். என் மேல் கோபிக்கிறதானால் கோபித்துக்கொள். மச்சான் உயிரோடிருந்து என்னைத் திட்டட்டும், அது எனக்குப் போதும்.

பதில் போடு. உடம்பைக் கவனி.
முர்ஷித்


சாய்ந்தமருது
20.02.2025

அன்புள்ள மச்சான் முர்ஷித் அவர்களுக்கு, மீராசாஹிபு ஸலாம் கூறி எழுதுவது. நான் சுகம். உங்கள் ராத்தாவின் காவலில் சுகமில்லாமல் இருக்க யாருக்குத் துணிவு வரும்? உங்கள் நலத்தையும் அறிய ஆசை. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் களவாக வைக்கிறேன். ஜெனூபாவுக்குத் தெரியாது.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. உங்கள் ராத்தா மருதமுனைக்கு வந்து வாசலில் நின்று அழுதா. அதற்கு மேல் என்ன கோபம்? வரும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "இனி நீ எனக்கு அளக்கத் தேவையில்ல. நானே அளக்கிறன்." அளக்கிறேன். இப்போது எடை நூற்றி இருபது. துஷாந்தினி மிஸ்ஸின் சின்னத் தராசே என்னைத் தாங்குகிறது. காலையில் கடற்கரையில் நடக்கிறேன். நாய்கள்கூட என்னோடு பழகிவிட்டன.

உங்கள் சட்டம் பிழை என்று நான் சொல்லமாட்டேன் மச்சான். எனக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. ஈரம் கூடின நெல்லை ஸ்டோருக்கு எடுக்கக் கூடாது. ஒரு நாளும் எடுத்ததில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு அந்த விவசாயியின் தோளில் கையைப் போட்டு வேப்பமரத்துக்கு அங்கால் கூட்டிப்போவேன். "தம்பி, இன்னும் ரெண்டு வெயில் காயட்டும்" என்று அங்கே வைத்துச் சொல்வேன். வரிசைக்கு முன்னால் சொன்னாலும் அவன் காயவைத்துத்தான் கொண்டுவருவான். பிறகு என் முகத்தைப் பார்க்கமாட்டான். நிறுத்த அன்று என்னை ஒருவரும் மரத்தடிக்குக் கூப்பிடவில்லை. அந்த ஒரு குறைதான்.

சாப்பாட்டு ஆசை பிடித்தவன் என்று நீங்கள் நினைப்பது சரி. உங்கள் வாப்பாவின் வெட்டிய காலைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கியது யார்? நான்தான். குழந்தையைத் தூக்குவது போல இருந்தது. அடக்கிவிட்டு வந்து உங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதற்கு ஒரு நிறம் இருந்தால் அதையும் ஒட்டுங்கள்.

ஏப்ரலில் மீண்டும் நிறுக்க வருவார்களாம், வரட்டும். அதற்குள் நோன்பும் வருகிறது. பெரும்போக நெல்லும் வருகிறது, அதே ஆட்கள்தான் வரிசையில் நிற்பார்கள். தடியனுக்கும் ஒரு வைராக்கியம் இருக்கிறது என்று பார்க்கட்டும்.

உங்கள் மீது கோபமில்லை. ராத்தாவிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம்.
அன்பு மச்சான் மீராசாஹிபு


கொழும்பு
26.02.2025

அன்புள்ள ராத்தா, ஸலாம். நோன்பு வாசலில் நிற்கிறது. எல்லாரும் சுகமாக அதை அடைய அல்லாஹ் உதவட்டும். நான் சுகம்.

மச்சானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என்ன எழுதினார் என்று கேட்காதே. பதில் எழுத உட்கார்ந்து பேனையை மூடி வைத்துவிட்டேன். அவரிடம் நேரில்தான் கதைக்க வேண்டும். பெருநாளைக்கு வருகிறேன். வந்து, எல்லாருக்கும் முன்னால் அவர் கையைப் பிடித்துக் கதைப்பேன்.

இப்போது ஒரு அவசர விஷயம். அவர் ஊசி போடுகிறவர். அவர் நோன்பு பிடிக்கக் கூடாது. சீனி கூடினால் மெல்ல மெல்லத்தான் ஆளைத் தின்னும். ஊசியைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சீனி அடியோடு இறங்கும், அது கொஞ்ச நேரத்தில் ஆளை முடித்துவிடும். கை நடுங்கினால், வேர்த்தால், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். சீனி, டொபி, சோடா எதுவானாலும் சரி. நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும்.

நேற்றுப் போனில் இதைக் கேட்டேன். சட்டி அடிப்பிடிக்குது என்று வைத்துவிட்டாய். ஒரு வரி எழுது ராத்தா. மச்சான் நோன்பு பிடிக்கப் போகிறாரா, இல்லையா?

நஸ்லின் சொன்ன உன் தலைச்சுற்று எப்படி? மருந்தை விடாதே.
முர்ஷித்


சாய்ந்தமருது
09.03.2025

தம்பி முர்ஷிதுக்கு ராத்தாவின் நோன்பு கால ஸலாம். நாங்கள் சுகம். நீ விடியுமுன் சஹருக்கு என்ன சாப்பிடுகிறாய்? கடைப் பராட்டாவாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் கறித்தூள் வைத்திருக்கிறேன், ஒரு முட்டையையாவது பொரித்துத் தின்.

இந்த முறை வெயில் கடுமை. பள்ளிவாசல் கஞ்சிக்கு நஸ்லின்தான் வாளி தூக்கிக்கொண்டு போகிறாள். குர்ஆனில் பாதி முடித்துவிட்டாள். ஸ்டோரில் நெல் குவிகிறதாம். லொறிகள் தெரு முனைவரை நிற்கின்றனவாம். சஹருக்கு மூன்று பேருக்கும் சோறாக்கிக் கொடுத்துவிட்டு, சுபஹு தொழுதுவிட்டு நான் கொஞ்சம் சரிந்துகொள்கிறேன். தலைச்சுற்று குறைவு.

உன் மச்சானின் பேச்சு மாறியிருக்கிறது. பழைய பகிடியெல்லாம் திரும்பி வந்துவிட்டது. தெருவில் தலையை நிமிர்த்தி நடக்கிறார். போன வாரம் பள்ளியில் யாரோ "என்ன மீராசாஹிபு, அரைவாசியைக் காணல்ல" என்று கேட்டார்களாம். அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டார் தெரியுமா? அப்படிச் சந்தோஷமான முகத்தை நான் கண்டு நாளாகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

நீ கேட்டதற்கு நேரில் வரும்போது பதில் சொல்கிறேன். இப்போது கஞ்சிக்கு நேரமாகிவிட்டது.

பெருநாளைக்கு வந்துவிடு. உன் சுகத்துக்கு துஆச் செய்கிறேன்.
ஜெனூபா


கொழும்பு
12.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம். நீயும் நஸ்லினும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மச்சானின் ஜனாஸாவுக்கு நான் வந்து சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள். மையவாடியில் ஈர மண்ணைத்தான் கண்டேன். வீட்டில் மூன்று நாளும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நீ நாலு மாத இத்தாவுக்காக அறைக்குள் ஒதுங்கி இருந்தாய். நான் உள்ளே வந்தபோது என் தலையைத் தடவினாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆசுபத்திரித் துண்டைப் பார்த்தேன். கொண்டுவரும்போது இரத்தத்தில் சீனி வெறும் இருபத்தெட்டு. நோன்போடு இருந்திருக்கிறார், ஊசியும் முழுதாகப் போட்டிருக்கிறார். ராத்தா, ஒரு கரண்டி சீனி போதும். ஒரு வாய் தேத்தண்ணி போதும். பட்டப்பகலில், அத்தனை பேர் நின்ற ஸ்டோர் முற்றத்தில் விழுந்திருக்கிறார். ஒருவராவது ஏன் கொடுக்கவில்லை? மக்கீனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும்? உனக்கு ஏதாவது தெரியுமா?

இனிமேல் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு சீனிப் பெட்டி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீ சாப்பிடு. நஸ்லினுக்காகவாவது சாப்பிடு.
முர்ஷித்


கொழும்பு
10.06.2025

ராத்தாவுக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. உன்னிடமிருந்து பெட்டியும் இல்லை, கடிதமும் இல்லை. போன் எடுத்தால் நஸ்லின்தான் கதைக்கிறாள். "உம்மா சுகம்" என்கிறாள். சுகமாக இருக்கிறாயா?

நம் மாவட்டத்து முடிவுகள் வந்தன. சிவப்புப் புள்ளிக்காரரில் பாதிப் பேருக்கு எடை குறைந்திருக்கிறதாம். கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் எழும்பி வெளியே போய்ப் படிக்கட்டில் இருந்தேன்.

மச்சானை நான் கொன்றேன் என்று நினைக்கிறாயா? நினைத்தால் அதையாவது எழுது. ஏன் ஒருவரும் இனிப்புக் கொடுக்கவில்லை என்ற கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

அல்லாஹ் உனக்கு ஸபூரை, பொறுமையைத் தரட்டும்.
தம்பி


சாய்ந்தமருது
03.08.2025

தம்பி முர்ஷிதுக்கு ராத்தா ஜெனூபாவின் ஸலாம். நானும் நஸ்லினும் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீ மெலிந்துவிட்டாய் என்று நஸ்லின் போனில் பார்த்துச் சொன்னாள். அது நல்ல மெலிவு இல்லை.

போன வாரம் இத்தா முடிந்தது. முதல் முறையாக வாசலுக்கு வந்தேன். கண் கூசியது. றம்லா வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அவளும் மதினிமாராக இருந்த காலத்தில் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நீ கொல்லவில்லை. சீனி வருத்தம் உண்மை, மூச்சு வாங்கினது உண்மை. உன் அட்டவணையிலும் பிழையில்லை. அவர் பள்ளிவரை நிற்காமல் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உன் சட்டத்தால் யாரோ ஒருவரின் கால் தப்பியிருக்கும். அந்த வீட்டுப் பெண்பிள்ளை உனக்கு துஆச் செய்வாள். அதை நான் மறுக்கமாட்டேன்.

அவர் நோன்பு பிடித்தது எனக்குத் தெரியும். சோறாக்கிக் கொடுத்ததே நான்தானே. முதல் நாள் தடுத்தேன். "புள்ள, ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால 'வை' எண்டு சொன்னாய், வெச்சன். இதையும் வை எண்டு சொல்லாத" என்றார். அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து வாய் வரும்? நாலு பேர் பார்த்தால் ரோசம் வரும் என்று எழுதியிருந்தாய். வந்தது தம்பி. நீயும் நானும் நினைத்ததைவிடக் கூட வந்தது.

இனிப்பு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாய். நேற்றுவரை எனக்கும் தெரியாது. இத்தாவில் இருந்தவளைப் பார்க்க அந்நிய ஆண் வர முடியாதென்று மக்கீன் இத்தனை மாதம் காத்திருந்திருக்கிறான். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தான். உள்ளே வரவில்லை. படியடியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சேர் தராசுக்குப் பக்கத்துல மூட்டையில குந்திட்டார் ராத்தா. வேர்த்து ஊத்துது, கையெல்லாம் நடுங்குது. எனக்கு வெளங்கிட்டு. காரைதீவுல இரிந்து வந்த ஒரு தமிழ் விவசாயிட பிளாஸ்க்குல சீனித் தேத்தண்ணி இரிந்திச்சி. ஊத்திக்கொண்டு ஓடி வந்தன். 'குடிங்க சேர், உசிருக்கு வந்தா நோன்ப முறிக்கலாம்' எண்டன். அவர் வரிசையப் பாத்தார். 'அண்டைக்கும் இவங்கதான்டா நிண்டாங்க மக்கீன்' எண்டார். 'கொஞ்சம் இரி, இப்ப சரியாகும். நான் தள்ளாடினன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாத' எண்டார். அதான் ராத்தா, கொழும்புத் தம்பி கேக்கக்குள்ள நான் சொல்லல்ல."

பிறகு அவர் கண் செருகத் தொடங்கியதாம். மக்கீன் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கோப்பையை உதட்டில் வைத்து அழுத்தியிருக்கிறான். தேத்தண்ணி தாடியில் வழிந்து சேர்ட்டெல்லாம் ஊற்றியிருக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம், முர்ஷித். கடைசிவரை வாயைத் திறக்கவில்லையாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.
ராத்தா ஜெனூபா